நாற்பதாவது துளை

பள்ளிக்கூட அதிபர் தம்பிஐயாவின் கையில் அந்த நீலப் புத்தகத்தைக் கண்டதுமே தோளிலிருந்த பனங்குற்றியைக் கீழே போட்டேன். குண்டுவீச்சுக்குப் பிள்ளைகள் பதுங்க வெட்டிய பங்கரின் மேல் பனங்குற்றி அடுக்கப் போன பெற்றோரில் நானும் ஒருவன்.

"பஞ்சலிங்கம், பங்கருக்கு இடம் காட்டினது உங்கடை கந்தோர் புத்தகம்தான்" என்றார்.

கல்லையும் நிலத்தடி நீரையும் ஆராயும் அரசாங்கக் கந்தோரில் நான் முன்பு வேலை பார்த்தேன். பண்டத்தரிப்பைச் சுற்றி நாற்பது இடங்களில் துளை போட்டு, கீழே இருப்பதைப் பதிய வேண்டும். முப்பத்தொன்பதை ஒழுங்காகத்தான் பதிந்தேன். நாற்பதாவது இந்தப் பள்ளிக்கூட வளவு. எட்டடியில் துளைக்கம்பி தானாகக் கீழே விழுந்து முறிந்தது; அடியில் குகை. மறுநாள் நல்லூர்க் கோவில் தேர். புதுக் கம்பி வரும்வரை எவன் காத்திருப்பான்? முந்திய துளையின் கணக்கையே திருப்பி எழுதினேன்: இருபதடிக்கு உறுதியான சுண்ணாம்புக்கல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அது அந்த நீலப் புத்தகத்தில் அச்சேறியது. கிணறு வெட்டுகிறவன் முதல் பேராசிரியர் வரை அதைத்தான் புரட்டினார்கள். நான் வவுனியா தாண்டியதில்லை. என் பொய் வெளிநாட்டு ஆய்வுகளில் எல்லாம் மேற்கோளானது.

பங்கர் வெட்டியது தொண்ணூறாம் ஆண்டு. குண்டு போடும் பொம்மர் விமானம் வராத நாளில்லை. பங்கரை ஆறடிக்கு வெட்டியிருந்தார்கள். மிச்சம் இரண்டடிக் கல்.

"சேர், அது பொய்க் கணக்கு. நான்தான் எழுதினனான். கீழை குகை கிடக்குது." வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

அதிபர் சிரித்தார். "பயத்திலை புலம்பாதையும். அச்சடிச்ச புத்தகத்தை நம்பிறதோ, உம்மடை வாயை நம்பிறதோ?"

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பங்கருக்குள் இறங்கி, அலவாங்கின் இரும்பு முனையால் தரையில் ஓங்கிக் குத்தினேன். அடியில் எங்கோ கல் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. மேலே நின்ற அதிபருக்கு அது கேட்கவில்லை. பொம்மர் இரையத் தொடங்கியிருந்தது.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஏறிப்போய் வாசலில் கைவிரித்து மறித்தேன். "இறங்காதேங்கோ! கீழை பொந்து!" என்று கத்தினேன். அதிபர் என்னைத் தள்ளிவிட்டார். அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்து இறங்கினார்கள். கடைசியாக வந்த என் மகள் அருந்ததியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கோ அப்பா! இஞ்சை ஒண்டும் நடக்காது. உங்கடை பேர் போட்ட புத்தகத்தைச் சேரிட்டைக் கொண்டந்து காட்டினதே நான்தான்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

முதற் குண்டு காங்கேசன்துறைப் பக்கம் விழுந்தது. அவள் என்னையும் உள்ளே இழுத்தாள். அடுத்தது கிட்ட விழுந்தது. காலுக்குக் கீழே கல் அசைந்தது. அவள் கால் அந்தக் கல்லில் படாதபடி, நான் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.