மந்திரவாதியின் தோள்

பதினெட்டாவது வாரத்துக்கான படத்தைப் பார்த்ததும் எழுத்தாளருக்குப் பகீரென்றது. தீப்பிடித்த வீட்டிலிருந்து மந்திரவாதி வெளியே வருகிறான். தோளில் ஒரு குழந்தை. அவர் எழுதிக்கொடுத்த சுருக்கத்திலோ, அவன் குழந்தையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறான்.

அந்த வாரப் பத்திரிகையில் வண்ணப் பக்கங்கள் முதலில் அச்சாகிவிடும். கதை நான்கு நாள் கழித்துப் போனால் போதும். படம் அச்சேறிவிட்டது. இனி மாற்ற முடிவது எழுத்தை மட்டும்தான்.

ஒரே ஒரு பிடிவாதத்தில்தான் இந்த மாயாஜாலத் தொடரை அவர் ஆரம்பித்திருந்தார். கெட்டவனே கதாநாயகன், கடைசிவரை கெட்டவன். அம்மா செத்ததால் கெட்டான், காதலி கைவிட்டதால் கெட்டான் என்ற சப்பைக்கட்டெல்லாம் கிடையாது. இருபது வருடமாக நல்லவர்களை எழுதி அவருக்குக் கை மரத்துப்போயிருந்தது. பத்திரிகை ஆசிரியர் அன்றே சொன்னார்: "வாசகர் வாராவாரம் அவன் தோள்மேல உக்காந்துதான் அந்த ஊரையே பார்க்கணும். கூசுற தோள்ல எத்தனை நாள் உக்காருவாங்க? அதான் யாரும் இதைத் தொடறதில்ல."

மாடியில் ஓவியர் அக்கா தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இப்படிக் கவுத்துட்டீங்க?"

"பூட்டு வரையத்தான் உக்காந்தேன் தம்பி. நாலு மாசமா அந்த மூஞ்சியோட குடித்தனம் பண்றேன். எங்க வீட்டுக்காரர் மூஞ்சியக்கூட இவ்வளவு நேரம் பாத்ததில்ல. கை போகல."

"அவன் கெட்டவன்க்கா."

"நீங்கதான் சொல்றீங்க. வாசகருங்க கடுதாசில பாதிப் பேரு அவன் எப்பத் திருந்துவான்னுல்ல கேக்கறாங்க."

படத்தைப் பார்த்த முதல் நொடியில் தனக்கும் நெஞ்சு லேசானதை எழுத்தாளர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அந்த லேசுதான் அவரைப் பயமுறுத்தியது. இன்று இவன் நல்லவனானால், பழைய இருபது வருடத்தோடு இதுவும் சேர்ந்துவிடும்.

அக்காவின் மேசையிலேயே உட்கார்ந்து எழுதி, தாளை நீட்டினார்.

'குழந்தையை நெருப்பிலிருந்து தூக்கி வந்தான். அவனை ஆற்றைக் கடக்கவிட, அங்கிருந்த பூதம் ஓர் உயிர் கேட்டிருந்தது. செத்ததை அது தொடாது.'

அக்கா இரண்டு முறை படித்தார்.

"அப்போ அடுத்த வாரம் ஆறு வரையணுமா?"

"ஆமாக்கா."

அக்கா அச்சான பக்கத்தை அருகில் இழுத்துக்கொண்டார். குழந்தை அவன் தோளில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை மட்டும் அவன் சட்டைக் கழுத்தை இறுகப் பிடித்திருந்தது.