லியோனுக்கு ஒப்புக்கொடுத்த நோ

தாதி மீனலோசனி மூன்றாம் தரம் சொல்லியும் யாகப்பு இருமவில்லை. கட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார். முந்தின நாள்தான் டொக்டர் அவருடைய வயிற்றைத் திறந்து, வெடித்துப்போன குடல்வாலை எடுத்திருந்தார். தையல் இழுக்குமென்ற பயத்தில் மனிதர் நுனிமூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் சளி கரகரத்தது. இப்படியே அசையாமல் கிடந்து, சளி கட்டி, காய்ச்சல் ஏறிச் செத்துப்போனவர்களை மீனலோசனி கண்டிருக்கிறாள்.

நோவை அடக்கினால் இருமலாம். அதற்குத்தான் பெதடின் ஊசி. மருந்து வந்துசேராத நாட்களில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருந்ததில்லை. இன்றைக்கு அலுமாரியில் மருந்து இருந்தது, டொக்டரும் எழுதியிருந்தார். வேண்டாமென்றவர் யாகப்பு.

"ஆண்டவர் பாடுபட்ட தபசுகாலம், மிசி. இந்த நோவை லியோனுக்கு ஒப்புக்கொடுத்திட்டன்."

லியோன் அவருடைய மூத்த மகன். வாடைக்காற்றில் வலைக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. குருவானவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போனவன், பாவம் தீரும்வரை உத்தரிக்கிற தலத்தில் வெந்துகொண்டிருப்பான், தகப்பன் இங்கே படுகிற நோவெல்லாம் அங்கே அவன் நாக்கில் தண்ணீராக விழும் என்று யாகப்பு நம்பினார்.

விறாந்தையில் அவருடைய மனைவி எமிலி மறித்தாள்.

"பெனிசிலின் எண்டு சொல்லிப் போட்டுவிடுங்கோ, மிசி. அந்த மனிசனுக்கு ஊசியளின்ரை முகம் தெரியுமே? ஒருத்தனைக் கடலுக்குக் குடுத்திட்டன். இவரையும் குடுக்க ஏலாது."

மீனலோசனி மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டு போனாள். விடியமுன் வேலணையிலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. ஒரு பொய்தானே. எறும்பு கடித்தமாதிரித்தான் இருக்கும் என்று நாள்தோறும் சொல்லுகிற பொய்களோடு இதுவும் ஒன்று.

"இது என்ன ஊசி, மிசி?"

அவள் எதைச் சொன்னாலும் நம்புகிற கண்கள். பெனிசிலின் என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது.

"நோவுக்கு," என்றாள்.

"வேண்டாம். நீங்கள் சைவக்காரர். உங்களுக்கு இது விளங்காது."

அலுப்பு அவளுக்குள் கோபமாகத் திரண்டது.

"எனக்கு என்ன அண்ணை விளங்காது? அசையாமல், இருமாமல், நோகாத பக்கமாப் பாத்துக் கிடக்கிறியள். இதிலை பொடியனுக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்? குடுக்கிறதெண்டால் இருமிக் குடுங்கோ!"

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாசலில் நின்ற எமிலி வாயைப் பொத்திக்கொண்டாள். யாகப்பு கண்களை மூடினார். பிறகு கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"சரி. பிடியுங்கோ."

மீனலோசனி தலையணையை மடித்துத் தையலின்மேல் வைத்து இரண்டு கைகளாலும் அமத்தினாள். அவர் இருமினார். அந்த உடம்பு வளைந்து துடித்த துடிப்பு அவளுடைய முழங்கைவரை ஏறியது. குரல் எழும்பவில்லை, கண்ணீர் மட்டும் காதுக்குள் வழிந்தது. கிண்ணத்தில் கட்டிச் சளி விழுந்தது.

"குடுத்தது போதும், அண்ணை. இப்ப ஊசியைப் போடட்டே?"

முகம் சாம்பலாகியிருந்தது. என்றாலும் அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"இன்னொருக்கா," என்றார். "நல்லா அமத்துங்கோ."

மீனலோசனி மறுபடியும் தலையணையை அமத்தினாள். எமிலி உள்ளே வந்தாள். மீனலோசனியின் கைகளின்மேல் தன் கைகளை வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான்கு கைகளுக்கும் கீழே யாகப்புவின் வயிறு மெல்ல மெல்லக் காற்றை நிரப்பிக்கொண்டு எழும்பியது.