மூன்று முறை தூக்கி வைத்த பேர்

சின்னத் தீவான திலோஸில் ஆஸ்பத்திரி கிடையாது. பிள்ளை பெற, எங்கள் பெரிய தீவான ரோட்ஸுக்குத்தான் கப்பலேறி வரவேண்டும். அப்படி வருகிறவர்களுக்கு, கோட்டைச் சுவருக்குள் இருக்கும் என் வீட்டு மாடி அறையைப் பதினெட்டு வருஷமாக வாடகைக்கு விடுகிறேன். அந்த ஆகஸ்டில் வந்தவர்கள் பண்டெலிஸும் அர்கிரோவும்.

பண்டெலிஸ் மீன் பிடிக்கிறவன். ஏழு மாத வயிற்றோடு படியேறிய பெண்டாட்டிக்குப் பின்னால், இரண்டு பெட்டியும் ஒரு டின் ஆட்டுப்பால் சீஸுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

"என்னப்பா, பிரசவம் உனக்கா அவளுக்கா?" என்றேன்.

"அவருக்கு முன்னாடியே வலி வந்துடுச்சு, சம்பிகா அக்கா" என்றாள் அர்கிரோ.

சிரிப்பும் சண்டையுமாக இருந்தார்கள். சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். எங்கள் தீவுகளில் முதல் பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பேரைத்தான் வைப்பது. அர்கிரோ சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். ஸ்டமாத்தியா என்ற அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும் என்று காத்திருந்தாள். பண்டெலிஸோ, படுக்கையில் கிடக்கிற தன் அம்மாவிடம், "உன் பேருதாம்மா, ஃபோத்தினி" என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

"உங்க அம்மாதான் உயிரோட இருக்காங்களே. அவங்க பேரைக் கூப்பிட அவங்களே இருக்காங்க" என்பாள்.

"பையன் பிறந்துட்டா ரெண்டு கிழவி பேரும் வேண்டியதில்ல" என்பான்.

பத்தாம் தேதி, நாள் ஆகாமலே வலி வந்தது. அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அர்கிரோ வேறு மாடியில் காய்ச்சலில் கிடந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் நர்ஸ் பண்டெலிஸைக் கூப்பிட்டாள். "பாதிரியார் வந்து ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்ல. அதுக்குப் பதிலா நீங்களே மூணு தடவை காத்துல தூக்கிப் பேர் வைங்க" என்றாள். தூக்கினான். ஸ்டமாத்தியா என்று சொன்னான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு நானும் அவனும்தான் போனோம்.

அர்கிரோவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று பெருங்காற்று பிடித்தது. கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள். அறைக்குள் இருக்க முடியாமல் இருவரும் வெளியே நடந்தார்கள். தெருவெல்லாம் சுற்றுலாக் கூட்டம், ஐஸ்கிரீம், தள்ளுவண்டிக் குழந்தைகள். கோட்டை வாசலில் ஒரு ஜோடி பண்டெலிஸிடம் போனை நீட்டிப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தான். சரியாக வரவில்லை என்றதும் இன்னொன்றும் எடுத்தான். அர்கிரோ பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் பால் கட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் காற்று தணிந்தது. வழியனுப்பத் துறைமுகம் வரை போனேன். கப்பலின் பின்கதவு இறங்கி, வண்டிகள் ஏறத் தொடங்கின. அர்கிரோ நகரவில்லை.

"ஒண்ணு கேட்கிறேன், உண்மையைச் சொல்லு. அவ பிழைப்பான்னு தெரிஞ்சிருந்தா என்ன பேர் வெச்சிருப்ப?"

அவன் கப்பலின் பின்கதவைப் பார்த்தான்.

"போறவளுக்கு எங்க அம்மா பேரு. உங்க அம்மா பேரை இருக்கப்போறவளுக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்ட. அப்படித்தானே?"

பொய் சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவன் பெட்டிகளைக் கீழே வைத்தான்.

"ஆமா. அவ சாகப்போறான்னு தெரிஞ்சுது. எங்க அம்மா பேரைச் சொல்ல வாய் வரல. பயந்துட்டேன்."

அர்கிரோ அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எவ்வளவு கனம் இருந்தா? நான் தூக்கவே இல்லையே."

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். குனிந்து, அவள் காலில் இருந்த செருப்புகளில் ஒன்றைக் கழற்றி, அவள் இரண்டு கையிலும் வைத்தான். "என் கைக்கு இதைவிடக் கொஞ்சம்தான் கூட."

அப்போதுதான் அவள் அழுதாள். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் வெறும் பாதமாகக் கப்பலேறினாள். அவன் பெட்டிகளோடு பின்னால் போனான். மேல்தட்டில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் அர்கிரோ மட்டும் வந்தாள், தலைநகரை ஒட்டிய துறைமுகமான பிரேயஸிலிருந்து. அங்கே தம்பி வீட்டில் இருக்கிறாளாம். கல்லறையில் ஒரு துளசித் தொட்டி வைத்தாள். கிளம்பும்போது, "அவரு வந்தாரா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா."

இரண்டு வாரம் கழித்து அவன் வந்தான், திலோஸிலிருந்து. வாசலிலேயே நின்றான்.

"அவ வந்தாளாக்கா?"

"வந்தா. துளசி வெச்சுட்டுப் போனா."

"தண்ணி யாரு ஊத்துறா?"

"சனிக்கிழமையானா நான் ஊத்துறேன்."

அன்று புதன்கிழமை. என்னிடம் ஒரு வாளி வாங்கிக்கொண்டு போனான்.