கொசுறுக்கு ஒரு கட்டம்

என்னுடைய இரண்டு வருஷத்து வெள்ளிக்கிழமை மத்தியானங்களுக்குத் தமிழ்வாணன் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் விலை சொன்னார். சொன்னது என்னிடம் அல்ல, அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம். சென்னையிலிருந்து பில் போடும் மென்பொருள் விற்க வந்தவர் அவர். கடைக் கணினியில் சிடியைப் போட்டுத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நான் எழுதியது. முகப்பில் 'ஜமீர், உத்திரமேரூர்' என்று இருந்த இடத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஜும்மா தொழுகைக்கு மூடினால் எங்கள் மளிகைக் கடை நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் அத்தா தூங்குவார். நான் பின்கட்டில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, பழைய கணினி ஒன்றின் முன்னால் தும்மிக்கொண்டிருப்பேன். கார் ஓட்டி விளையாடுகிறேன் என்று அத்தாவின் நினைப்பு. எழுதி முடித்ததை ப்ளாப்பியில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரிலிருந்து வலையில் ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று எழுதியும் வைத்தேன். மலேசியாவில், ஈப்போவில் கடை வைத்திருக்கும் ஒருவர் நன்றி சொல்லி மெயில் போட்டார். காஞ்சிபுரம் தாண்டி அதிகம் போகாத எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. ஒரு உருண்டை வெல்லத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கடையில் ஒரு உருண்டை குறையும். இதை உலகமே எடுத்துப் போனாலும் என்னிடம் அப்படியே இருக்கும். வியாபாரிகள் வீட்டில் பிறந்தவனுக்கு இது பெரிய போதை. பெயர் மட்டும் தனியாகத் திருடு போகும் என்பது அப்போது தோன்றவில்லை.

ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். நான் போய்விட்டால் பில் போட ஆள் இல்லை என்பதால்தான் அத்தா கடைக்குக் கணினியே வாங்கினார். விலை கொடுத்து மென்பொருளும் வாங்கிவிட்டால் கடை ஆள் வேதகிரி உட்கார்ந்து தட்டிக்கொள்வான், நான் பஸ் ஏறலாம். நானே எழுதியது என்று தெரிந்தால் அது மக்கர் பண்ணும்போதெல்லாம் நான் வேண்டும். என் சொத்தை எனக்கே யாரோ விற்கட்டும், நான் தப்பித்தால் போதும் என்றுதான் உளுந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

அத்தா பேரத்தைத் தொடங்கியிருந்தார். நாலாயிரத்து ஐந்நூறு மூவாயிரமாகி, இரண்டாயிரத்தில் வந்து முக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் திரையில் ஒரு கட்டத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். தமிழ்வாணன் குனிந்து பார்த்துவிட்டு, அது தேவைப்படாது என்று நகர்த்தப் போனார். அத்தா விடவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கொசுறு." அத்தாவின் குரல் இறங்கியது. "பில்லுல வெல கெடையாது, ஆனா சரக்குல கயிச்சிக்குது. இத்த எய்துனவன் கல்லாவுல குந்தினவன்பா. படிச்சவனுக்கு வராது இது."

இருபத்தாறு வயது வரை அவர் வாயிலிருந்து நான் கேட்காத பாராட்டு. அதை வேறொருவர் வாங்கிக்கொண்டார்: "எங்க இன்ஜினியர் பண்ணது பாய்."

அடங்கியிருக்கலாம். முடியவில்லை. காவாந்தண்டலத்து ராணியம்மாள் முப்பத்தொன்பது ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பில்லுக்குக் கொசுறு போட்டுப் பாருங்கள் சார் என்றேன். போட்டார். திரை நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. தமிழ்வாணன் தன்னையறியாமல் உரக்கப் படித்தார்: "அம்பது ஆவட்டும் தாயி, அள்ளித் தரேன்."

ராணியம்மாள் பையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னா பாய், உன் வாயப் புடிச்சி பொட்டிக்குள்ள போட்டு வெச்சிகீறாங்க?"

அத்தா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு மூட்டை மேலிருந்த என்னைப் பார்த்தார். அப்புறம் தமிழ்வாணன் பக்கம் திரும்பி, இதை எத்தனை கடைக்கு விற்றாய் என்று மெதுவாக விசாரித்தார். பத்துக் கடை இருக்கும் என்றார் அவர்.

"என் பேச்ச பத்துக் கடைல வித்துக்கினு கீற. என் பங்கு இன்னா தம்பி?"

தமிழ்வாணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சிடியையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். எழுதியது யாருக்குச் சொந்தம் என்று வலைக்காரர்களும் வக்கீல்களும் மாய்ந்து மாய்ந்து எழுதும் விஷயத்தை அத்தா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார் என்று எனக்குப் பெருமைகூட வந்தது. அவர் கல்லாப் பலகையை விட்டு எழுந்து என்னைக் கூப்பிடும் வரைக்கும்.

"கடை மொத்தமும் உன் மண்டைல கீது. கிண்டில இன்னாடா வேல உனக்கு?"

திங்கட்கிழமை என்று ஆரம்பித்தேன். இரண்டாயிரத்தில் நிற்பவரை ஆயிரத்துக்கு இறக்கும்போது பேசுகிற அதே இதமான குரலில் அத்தா பேரம் வைத்தார். இன்று பூராவும் நானே இதில் பில் போட வேண்டும். சாயங்காலம் கல்லாவும் கணினியும் ஒத்துப்போனால் நான் இங்கே. ஒரு ரூபாய் உதைத்தாலும் சரக்கு சரியில்லை என்று அர்த்தம். வேறு வாங்கிக்கொள்ளலாம், நான் கிண்டிக்குப் போகலாம். அதை வேதகிரி முன்னால் வேறு சொன்னார். அத்தா சாட்சி வைத்துப் பேசியதை மாற்றியதில்லை.

பில் போட்டேன். மாகறலிலிருந்து ஒரு கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல் வந்தது, அதையும் போட்டேன். ஒரு இடத்திலும் அது தடுக்கவில்லை. என் கையால் செய்த பொருள் ஓடுவதை அன்றுதான் முதன்முதலாக ஒரு கடைக்குள் பார்த்தேன்.

சாயங்கால மஃரிப் தொழுகைக்குப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அத்தா பின்கட்டில் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யப் போனார். நான் நோட்டுகளை அடுக்கி எண்ணினேன், சில்லறையைக் கொட்டி எண்ணினேன். சரியாக இருந்தது. உதைத்தால் கிண்டி. உதைத்தால் இதை எழுதியவனுக்குக் கணக்குத் தெரியாது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஒத்துக்கிச்சாடா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

திரையில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. கல்லாவில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினொன்று. மீதி ஒரு ரூபாய் என் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.