தையல்கடைக்கு மேலே பாதி வார்த்தை

காது, மூக்கு, தொண்டை என்று மூன்று சொல்லில் முடிந்திருக்க வேண்டிய போர்டு. டாக்டரின் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி கண்விழித்துப் படித்த கஷ்டம் அவருக்குத்தானே தெரியும்! ஆங்கிலத்தில் அந்தப் படிப்புக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது: ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட். அதைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நின்றதோடு விடாமல், இருப்பதிலேயே பெரிய எழுத்தாகச் செய்யச் சொல்லிவிட்டார். சுவரை அளக்கவில்லை. ஆட்கள் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே வந்தார்கள். கிளினிக் சுவர் முடிந்துவிட்டது, வார்த்தை முடியவில்லை. மீதி, பக்கத்துத் தையல்கடை வாசலுக்கு மேல் போய் உட்கார்ந்தது.

"இருந்துட்டுப் போகட்டும் சார்," என்றார் தையல்காரர். நல்ல மனிதர்.

போர்டை வேடிக்கை பார்க்கக் கூட்டத்துக்குக் குறைவில்லை. அண்ணாந்து படித்துக்கொண்டே நடந்து, மூச்சு வாங்கி எல்லோரும் நிற்கும் இடம் தையல்கடை. "அண்ணே, இது என்னண்ணே போட்டிருக்கு?" கிளினிக்கை மட்டும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா, நான் பழையபடி பெரிய ஆஸ்பத்திரி நைட் டியூட்டிக்கே போயிடறேங்க," என்றாள் மனைவி.

தன் பெருமைக்காக அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று கணவருக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது. போர்டைக் கழற்ற ஏணியைக் கொண்டுவந்து கிளினிக் வாசலில் சாத்தினார்.

அவரை இடித்துக்கொண்டு தையல்காரர் உள்ளே போனார். கழுத்தில் டேப், வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் டாக்டர்.

"கேக்கறவங்களுக்கெல்லாம்... அந்த வார்த்தைய... சொல்லிச் சொல்லி..."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. "தொண்டை புண்ணாயிருக்கு. மாத்திரை தர்றேன். ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது."

தையல்காரர் கடைக்குத் திரும்பினார். உடனே ஒருத்தர் வந்து போர்டைக் காட்டி, என்ன என்று கேட்டார். தையல்காரர் பேசவில்லை. காதைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், தொண்டையைத் தொட்டார். கிளினிக் பக்கம் கையை நீட்டினார்.

"அட, அவ்வளவுதானா! எனக்கு ஒரு வாரமா காது குத்துது." வந்தவர் நேராகக் கிளினிக்குக்குள் நுழைந்தார். பின்னாலேயே இருமிக்கொண்டு ஓர் அம்மா.

ஏணி உச்சியில், ஸ்பேனரும் கையுமாகக் கணவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்னங்க," உள்ளிருந்து குரல் வந்தது, "அந்த ஏணியை எடுங்க, பேஷன்ட் வர வழியில்ல!"