சம்பந்தி குடித்த எச்சில்

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த கௌஸ் மைதீன் தன் மகளைப் பற்றிப் பொய் எதுவும் சொல்லவில்லை. "எம் பொண்ணு மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்குது" என்று சொன்னார், அவ்வளவுதான். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் திணறித்தான் போயிருப்பார். மஸூதா நெல்லுக்கு வரும் குலைநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள், அந்த நோயைக் கொண்டுவருவது ஒரு பூஞ்சை, முடித்துவிட்டால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வாள் என்பதோடு அவருடைய ஞானம் முடிந்துவிடும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம். மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, கல்லூரியையே பூட்டிவிட்டார்கள். மஸூதா ஒரு கண்ணாடி பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். வாசலிலேயே, "வாப்பா, ஐஸ் இருக்கா?" என்றாள்.

இறால் வியாபாரி வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்? கௌஸ் மைதீனிடம் படகு ஓட்டும் நீலமேகம் பின்கட்டில் இருந்த பெட்டியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தான். பாட்டிலில் தேன் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது.

"இத யாரும் தொடக் கூடாது" என்றாள் மஸூதா. வாப்பாவும் நீலமேகமும் தலையாட்டினார்கள். வாப்பாவின் தங்கை பரக்கத் பீவி அந்த நேரம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் பொன்னேரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இனாயத்துல்லாவுக்குப் பொன்னேரியில் ஜவுளிக்கடை, காட்டூரில் நஞ்சை நிலம். மனைவி ஆமினா பீவி, பாங்கில் வேலை பார்க்கும் மகன் பஷீர் இருவரும் கூட வந்தார்கள். டாக்டர் மருமகள் கிடைக்கப்போகும் சந்தோஷத்தில் இனாயத்துல்லா தன் முட்டியை எடுத்த எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

எல்லாருக்கும் நன்னாரி சர்பத் வந்தது. இனாயத்துல்லா கையை ஆட்டினார். "எனக்குச் சக்கரை வியாதி. இனிப்பு ஆகாது."

பரக்கத் பீவி சளைக்கவில்லை. உள்ளே போய், எலுமிச்சம்பழம் பிழிந்து, சப்ஜா விதை போட்டு வேறொரு கிளாஸ் கொண்டுவந்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"காளான் வாசனை அடிக்குதே. இன்னா சர்பத்தும்மா இது? உடம்புக்கு நல்லதா இருக்கும்போல. இன்னொரு கிளாஸ் குடு."

இன்னொரு கிளாஸும் உள்ளே போனது. பெண்ணை அழைத்தார்கள். மஸூதா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தவள், பரக்கத் பீவி ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்திருந்த பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முக்காடு தோளில் விழுந்தது.

"மாமி! இத யாருக்குக் குடுத்தீங்க?"

"மாப்பிள்ளையோட வாப்பாவுக்குத்தான். சக்கரை போடாத சர்பத்துதானே?"

மஸூதா ஓடிப்போய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் கொஞ்சம் மீந்திருந்தது. "போச்சு! அத்தனையும் போச்சு!"

இனாயத்துல்லாவின் முகம் வெளுத்தது. "இன்னாம்மா போச்சு? நான்தானே குடிச்சேன், நீ பாட்டிலப் பாக்குறே? உள்ள இன்னா இருந்துச்சு?"

அவள் இருந்த ஆத்திரத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "எச்சில்."

"யாரு எச்சிலு?"

"பூஞ்சையோட எச்சில்."

ஆமினா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கௌஸ் மைதீனுக்குத் தெரியவில்லை. இந்தச் சம்பந்தம் ஏரியில் மூழ்கிவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இனாயத்துல்லா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நீதான் டாக்டராச்சே, ஒரு ஊசி போடும்மா!"

"நான் இலைக்கு டாக்டர் மாமா. மனுசங்களுக்கு இல்ல."

இனாயத்துல்லா கௌஸ் மைதீன் பக்கம் திரும்பினார். கௌஸ் மைதீன் எக்ஸ்ரே உறையின் மேல் பார்வையை ஓட்டினார்.

சத்தம் கேட்டு உள்ளே வந்த நீலமேகம், "ஒரு சொம்பு உப்புத்தண்ணி குடுத்தா எல்லாம் வெளிய வந்துரும் நைனா" என்று யோசனை சொன்னான். இனாயத்துல்லா வேண்டவே வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

மஸூதா ஒருவழியாக நிதானத்துக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "மாமா, பயப்படாதீங்க. பூஞ்சைய வடிகட்டி எடுத்துட்டேன். அது வெளிய விட்ட புரதம்தான் இதுல இருந்துச்சு. முட்டையில இருக்குமே, அது மாதிரி. வயித்துக்குள்ள போனா முட்டை செரிக்கிற மாதிரி செரிச்சிடும்."

"அப்போ எதுக்கு அது துப்புது?"

"இலை மேல மெழுகு பூசினாப்ல ஒரு தோல் இருக்கு. அது வழியா நுழையணும். பூஞ்சைக்குப் பல்லா இருக்கு? எச்சிலத் துப்பித் தோலக் கரைக்கும். உள்ள போனப்புறம் வேற ஒண்ணத் துப்பும், செடி முழிச்சுக்காம இருக்க. அதுதான் என் யூகம். எங்க புரொபசர் இன்னும் ஒத்துக்கல."

"நண்டு வலைய அறுத்துக்கினு பூர்ற மாதிரி" என்றான் நீலமேகம்.

"நண்டு அறுக்கிறது தெரியும் நீலமேகம். இது வந்ததே தெரியாது. இலையில கண்ணு மாதிரி புள்ளி வரும், அப்பறம் கதிரு கழுத்தோட முறிஞ்சு தொங்கும்."

இனாயத்துல்லா நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "கண்ணு மாதிரியா? ஓரம் செவப்பா, நடுவுல சாம்பலா?"

"ஆமா."

"காட்டூர்ல என் நெலம் பூரா அப்படித்தாம்மா கீது! பக்கத்து நெலத்து ஆதிகேசவன் கண்ணு வெச்சிட்டான்னு நெனச்சேன். பொங்கல்லேர்ந்து அவங்கிட்ட பேச்சுவார்த்தையே இல்ல."

மறுநாள் காலை எல்லாரும் காட்டூரில் இருந்தார்கள். கல்யாணப் பேச்சை இரு வீட்டாருமே எடுக்கவில்லை. பஷீர் ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தான். ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். ஆனால் இனாயத்துல்லாவின் நெல் தலைசாய்ந்து கிடக்க, ஆதிகேசவனின் நெல் தளதளவென்று நின்றது.

மஸூதா குண்டூசியால் இரு வயல் இலைகளிலும் லேசாகக் குத்தினாள். பாட்டிலில் மீந்திருந்ததைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் விட்டு, நூல் கட்டி அடையாளம் வைத்தாள். கௌஸ் மைதீன் குடை பிடித்தார். நிலத்துச் சேற்றில் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சொட்டு விடும் மகளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. நேற்று அந்தப் பாட்டிலுக்காக அவள் ஏன் அப்படிக் கலங்கினாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்கடுத்த நாள் போய்ப் பார்த்தபோது இனாயத்துல்லா வரப்பில் துள்ளிக் குதித்தார். "பாரு, பாரு! அவன் இலையிலதான் பழுப்புப் புள்ளி! என் இலை சுத்தமா கீது!"

மஸூதாவும் குதிக்காத குறைதான். "அதுதான் மாமா விஷயமே! அவர் போட்டிருக்கிற ரகம் எச்சில் பட்டதுமே திருடன் வந்துட்டான்னு கண்டுபிடிச்சிடுது. அந்த இடத்துல தன் தசையத் தானே சாகடிச்சுக்கும். பூஞ்சைக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது, பட்டினி கெடந்து செத்துரும். உங்க ரகத்துக்கு அந்த அடையாளம் தெரியல. கும்முனு தூங்குது. யூரியாவ வேற அள்ளிக் கொட்டியிருக்கீங்க, பூஞ்சைக்கு விருந்து."

இனாயத்துல்லா சட்டைக் கையை மேலே தள்ளி, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் ஒரு புள்ளியும் வரலியேம்மா. அப்போ நானும் ஏமாந்த ரகமா?"

பஷீர் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவ்வளவு நேரமும் வாயே திறக்காத பையன் அப்படிச் சிரிப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மஸூதாவும் சிரித்துவிட்டாள். ஆமினா பீவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கௌஸ் மைதீனிடம் வந்தாள்.

"பொண்ணு படிப்ப முடிக்கட்டும் அண்ணே. நாங்க காத்துக்கினு இருக்கோம்."

கௌஸ் மைதீன் மகளைத் திரும்பிப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

அதற்குள் வரப்பின் அந்தக் கோடியில் ஆதிகேசவன் வந்துகொண்டிருந்தார். தன் வயலில் இத்தனை பேர் குனிந்து என்ன தேடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. இனாயத்துல்லா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, எதிரே நடந்தார்.

"இன்னா பாய், பேசவே மாட்டேன்னீங்க?"

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, ஆதிகேசவா. இந்த நெல்லு இன்னா ரகம்னு சொல்லு. அடுத்த போகத்துக்கு வெதை வேணும்."

ஆதிகேசவன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வூட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று முன்னால் நடந்தார்.