நூறு தடவை

டிசம்பர் முப்பத்தொன்று, மதியம் மூன்று மணிக்கு, பியாட்ரிஸ் தனக்குத் தானே இம்போசிஷன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘புத்தாண்டு வாழ்த்துகள்’, நூறு தடவை. சாந்தோமில் இருபத்தாறு வருஷமாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவளுக்கு, வராத எதையும் வரவழைக்க வேறு வழி தெரியாது.

செப்டம்பரில் வந்த ஸ்ட்ரோக் காலை விட்டுவிட்டது. வலது கையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. ஜனவரி இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் நல்லவர்தான், மூன்று மாதம் பொறுத்தார். போர்டில் எழுத முடிந்தால் வாருங்கள், இல்லையென்றால் வேறு டீச்சரைப் போட்டாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கலர் சாக்பீஸில் இந்த இரண்டு வார்த்தையை எழுதித்தான் பியாட்ரிஸ் வகுப்பைத் தொடங்குவாள். அவள் கையெழுத்தைப் பார்க்கப் பக்கத்து வகுப்பு டீச்சர்களே வந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை.

பிசியோதெரபிக்கு வரும் பெண், ஒரு நாளைக்குப் பத்து வரி போதும், வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே. கையைக் கொஞ்சினால் அது தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பது பியாட்ரிஸின் கட்சி. கணவர் ஃபிரெட்ரிக் இரண்டு முறை வந்து பேனாவை வாங்கப் பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் மனிதர் திரும்பிப் போய், கிறிஸ்துமஸ் குடிலில் சாய்ந்து கிடந்த ஆட்டுக்குட்டியை நிமிர்த்தி வைத்தார்.

நாற்பதாவது வரியில் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின. ஐம்பத்தைந்தில் ‘பு’ எது, ‘ழ்’ எது என்று அவளுக்கே தெரியவில்லை. அறுபத்திரண்டில் விரல்கள் மடங்கிக்கொள்ள, பேனா தரையில் உருண்டது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முதல் வரி இதைவிட நன்றாக இருந்தது. இது இனி வராது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டாம் தேதிக்குள் வராது. ஒருவேளை எந்தத் தேதிக்கும் வராது. ஆத்திரம் தாங்காமல் இடது கையால் வலது கையைப் பளாரென்று அடித்தாள்.

அடித்த பிறகு சிந்துவின் ஞாபகம் வந்தது. வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டு வந்த பிள்ளை. ‘இனி மறக்க மாட்டேன்’ என்று அறுபது வரி போல எழுதிவிட்டு, நோட்டின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, “மிஸ், கை வலிக்குது மிஸ்” என்றது.

“வலிச்சாதான் மனசுல நிக்கும், எழுது” என்று பியாட்ரிஸ் சொன்னாள். பத்து வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளை இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ.

அடி வாங்கிய கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது சில்லென்று கிடந்தது.

“போதும்மா,” என்று அதனிடம் சொன்னாள். “போய் உக்காரு.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அழுது தீர்ந்ததும் ஃபிரெட்ரிக்கைக் கூப்பிட்டு, சிஸ்டருக்குப் போன் போடச் சொன்னாள். என்னால் முடியவில்லை, வேறு மிஸ்ஸைப் போட்டுவிடுங்கள் என்று அவளே பேசினாள். அந்தப் பக்கம் ஏதோ ஆறுதல் சொன்னார்கள். இவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஃபிரெட்ரிக் தைலம் எடுத்து வந்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். இந்த முறை அவள் முறைக்கவில்லை.

நோட்டு அறுபத்திரண்டாவது வரியோடு நின்றது. சிந்து அன்றைக்கு நூறையும் எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.